ஓடுபாதையை எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்து வைப்போம்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்வித் துறை அம்மையார் அவர்களே, பரிசுகளை வழங்கிய பின்னும் பொறுமையோடு அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, பயிற்றுநர்களே, பெற்றோர்களே, பதக்கம் வென்ற வீரர்களே, பதக்கம் வெல்லாவிட்டாலும் எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டு வந்திருக்கும் வீரர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன்னர் உரையாற்றிய மருத்துவர் அவர்கள் முதுகுத்தண்டுக் குறைபாடுகளைப் பற்றி அனைவருக்கும் புரியும்படி எடுத்துரைத்தார்கள். என் வேலையைப் பாதியாகக் குறைத்த அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

‘அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. நெடுந்தூரப் போட்டிகளில் மாற்றுத்திறனாளி வீரர்கள் காட்டும் விடாமுயற்சியை உடல், கருவி, உரிமை என்ற மூன்று தலைப்புகளில் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் உடல். அயர்ன்மேன் என்னும் போட்டியில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதன் பின் ஒரு முழு மாரத்தானான 42.2 கிலோமீட்டரையும் ஓட வேண்டும். ஏழு வயதில் ஒரு காலை முழங்காலுக்கு மேலே இழந்த சாரா ரைனர்ட்சென், 2004இல் ஹவாய் தீவில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியில் இறங்கி, சைக்கிள் பகுதியைக் கெடு நேரத்துக்குள் முடிக்க முடியாமல் வெளியேற்றப்பட்டார். செயற்கைக் காலோடு ஓடுவது எப்படிப்பட்டது என்பதை அருகில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். காலைப் பொருத்தும் குழிக்குள் வியர்வை தேங்கும். தேங்கினால் கால் வழுக்கும். வழுக்கினால் தோல் உரியும். ஆகவே பாதி வழியில் அமர்ந்து, காலைக் கழற்றித் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டு எழ வேண்டும். கடிகாரம் அதற்காக நிற்பதில்லை. மறு ஆண்டே அவர் அதே தீவுக்குத் திரும்பிச் சென்று போட்டியை முடித்தார். செயற்கைக் காலோடு அந்த உலகப் போட்டியை நிறைவு செய்த முதல் பெண் என்ற பெயரையும் பெற்றார். அம்மி நகர்ந்தது.

கருவியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைதான். ஆனால் என் மனம் உரிமையின் பக்கமே இழுக்கிறது. அதற்குச் சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனை டட்யானா மெக்ஃபேடனின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1989இல் ரஷ்யாவில் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த அந்தக் குழந்தையை அனாதை இல்லத்தில் விட்டுவிட்டார்கள். அங்கே சக்கர நாற்காலி கிடையாது. மற்றப் பிள்ளைகள் ஓடினால் தானும் போக வேண்டுமே என்பதற்காக, அந்தச் சிறுமி கைகளை ஊன்றியே நடந்தாள். தோளும் கையும் உரமேறியது அங்கேதான். பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தாய் அவளைத் தத்தெடுத்துக்கொண்டார். 2004இல், பதினைந்து வயதில், ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்று வீடு திரும்பினாள்.

இனிமேல்தான், அன்பர்களே, நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். உலக மேடையில் பதக்கம் வாங்கிய அந்தப் பெண்ணைச் சொந்தப் பள்ளியின் ஓடுபாதையில் மற்ற மாணவர்களோடு சேர்த்துவிட மறுத்தார்கள். எல்லோரும் ஓடி முடித்த பின், தனியாக ஓடு என்றார்கள். மைதானம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு போட்டியாளர்கூட இல்லாமல் ஒரு குழந்தை வட்டமடிப்பதை எண்ணிப் பாருங்கள்! அது பந்தயமா? தாயும் மகளும் நீதிமன்றம் சென்றார்கள். நட்ட ஈடாக ஒரு காசுகூடக் கேட்கவில்லை. உடன் ஓடும் உரிமையை மட்டும் கேட்டார்கள். 2006இல் நீதிபதி அவர்கள் பக்கம் உத்தரவிட்டார். 2008இல் அவர்கள் வாழ்ந்த அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் மாற்றுத்திறனாளி மாணவர்களின் விளையாட்டு உரிமைக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அந்தப் பெண்தான் 2013இல் பாஸ்டன், லண்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய நான்கு மாரத்தான்களின் சக்கர நாற்காலிப் பிரிவையும் ஒரே ஆண்டில் வென்றார். அதற்கு முன் எந்தப் பிரிவிலும் எவரும் செய்யாத சாதனை அது.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆனால் ஒரு குழந்தை தன் அடிகளை மாரத்தான் பாதைக்கு அல்லவா சேர்த்து வைக்க வேண்டும்? மைதானத்தின் வாசலில் எதற்குச் செலவழிக்க வேண்டும்? 1975இல் பாப் ஹால் என்ற இளைஞர் சக்கர நாற்காலியில் பாஸ்டன் மாரத்தானுக்கு வந்தபோது, மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால்தான் சான்றிதழ் என்றார்கள். 2 மணி 58 நிமிடங்களில் அவர் முடித்துக் காட்டினார். இவர்களை மேடையில் பாராட்டும் நாம், இவர்கள் வழியில் கல்லைப் போட்டவர்கள் யார் என்று கேட்பதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

பள்ளி அளவிலான விளையாட்டிலும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சம வாய்ப்பு வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை, தன் முப்பதாம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே கல்வித் துறை அம்மையார் அவர்களிடம் என் வேண்டுகோள் இது: விளையாட்டு வகுப்பு நேரத்தில் இந்தக் குழந்தைகளை வகுப்பறையிலேயே உட்கார வைக்கும் வழக்கம் நிற்க வேண்டும். மைதானத்துக்குச் சரிவுப் பாதை வேண்டும். பள்ளிகளுக்கிடையேயான ஓட்டப் போட்டிகளில் சக்கர நாற்காலிப் பிரிவு, மற்றப் பந்தயங்கள் நடக்கும் அதே நாளில், அதே பாதையில், அதே பார்வையாளர் முன்னிலையில் நடத்தப்பட வேண்டும். இந்த மூன்றையும் மனுவாக எழுதி எடுத்து வந்திருக்கிறேன். பெற்றோர்களும் பயிற்றுநர்களும் கையெழுத்திடுவதற்காக அதை மேடையின் வலப்புற மேசையில் வைக்கிறேன். விழா முடிவதற்குள் அம்மையார் அவர்களிடம் நேரில் ஒப்படைத்துவிடுவேன்.