இளவட்டக்கல்லும் காப்புக் கயிறும்

வணக்கம் நேயர்களே. தென்மாவட்டங்களில் சில ஊர்களுக்குப் போனால், கோயிலுக்கு முன்னாலேயோ சாவடி ஓரத்திலேயோ ஒரு உருண்டைக் கல் கிடக்கும். இப்போது அதன்மேல் உட்கார்ந்து பையன்கள் செல்போன் பார்க்கிறார்கள். அதுதான் இளவட்டக்கல்.

அதைத் தூக்குவது லேசில்லை. பிடித்துக்கொள்ள விளிம்பு கிடையாது, மொழுமொழு என்று இருக்கும். கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, குழந்தையை அணைப்பதுபோல அணைத்து முதலில் தொடைக்கு ஏற்றி, அங்கே ஒரு மூச்சு வாங்கி, அப்புறம் நெஞ்சோடு உரசி மேலே தள்ளி, தோளுக்குக் கொண்டுபோய், முதுகுப் பக்கமாகப் போட வேண்டும். வழுக்கினால் கால் போச்சு. இதைத் தூக்கினவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். முறையும் நிலபுலனும் பார்க்காமல் கல்லை மட்டும் பார்த்துப் பெண் கொடுக்கிற ஊர் எங்கே இருக்கிறது? ஆனால் தூக்க முடியாமல் போனவனை ஊர் கேலி செய்தே கொன்றிருக்கும், அது நிச்சயம்.

எனக்கு அந்தக் கல் கிடக்கிற இடம்தான் முக்கியமாகப் படுகிறது. களத்துமேட்டில் போடாமல் சாமிக்கு முன்னால் ஏன் போட்டார்கள்? அந்தக் காலத்து ஊரில் ஆம்பிளைகளின் பொழுதுபோக்கு, பலம் காட்டுவது, வம்புக்கு நிற்பது எல்லாவற்றுக்கும் சாமியின் உத்தரவு வேண்டியிருந்தது. கொடையோ திருவிழாவோ வந்தால் மணிக்கட்டில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் தடவிய கயிறு, அவ்வளவுதான். அது கையில் இருக்கிறவரை குடி கூடாது, கறி கூடாது, பெண்டாட்டியோடு படுக்கை கூடாது, பல ஊர்களில் எல்லையைத் தாண்டி ராத்தங்கவும் கூடாது. பெற்ற தாய் சொல்லி அடங்காதவன் அந்தக் கயிற்றுக்கு அடங்கினான். காப்பு அவிழ்ந்ததும் கிடா வெட்டு, அப்புறம் நேரே சாராயக்கடை. அம்மனும் கள்ளுக்கடையும் முறைவைத்து அவனைப் பங்குபோட்டுக்கொண்ட மாதிரி!

மாட்டு விஷயத்திலும் இதே கதைதான். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் வாடிவாசலிலிருந்து முதலில் வருவது கோயில் காளை. அதன் திமிலை யாரும் தொடமாட்டார்கள், கும்பிட்டு வழி விடுவார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற மாடுகள். சேலம் அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல் இருக்கிறது, கருவந்துறையில் கிடைத்தது. மாட்டோடு மோதிச் செத்த சங்கன் என்பவனுக்காக அவன் மகன் நட்டது. அதில் 'எருது விளையாடிப் பட்டான்' என்று வெட்டியிருக்கிறது. விளையாட்டு என்றும் சொல்கிறார்கள், செத்தவனுக்குப் போரில் விழுந்தவனைப்போலக் கல்லும் நடுகிறார்கள். அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

சரி, இதையெல்லாம் பெருமையாக மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. யார் மாட்டை அவிழ்க்கலாம், யார் அணையலாம், யார் தலையில் பரிவட்டம் ஏறும் என்பதையெல்லாம் சாதிதான் தீர்மானித்தது. முதல் மரியாதை யாருக்கு என்கிற தகராறில் வெட்டு குத்தாகி, தேர் நிலையிலேயே நின்றுபோன ஊர்கள் உண்டு. சேரிக்காரன் மாடு நல்ல மாடாக இருந்தாலும் பல ஊர்களில் அதற்கு வாடி திறக்கவில்லை. பெண்களுக்கு முளைப்பாரியும் பொங்கல் பானையும் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஆனால் அதே ஊர்தான் ஆணுக்குச் சேலையும் கட்டிவிட்டது. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்குப் போயிருக்கிறீர்களா? மீசை வைத்த ஆள், பல நாள் விரதமிருந்து, காளி வேஷம் போட்டு, பின்னலும் வளையலுமாக வீடு வீடாகக் காணிக்கை கேட்டு வருவார். யாரும் சிரிப்பதில்லை. வயசான அம்மாக்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வடமாவட்டங்களுக்குப் போனால் தெருக்கூத்தில் திரௌபதியாக நிற்பவரும் ஆண்தான். துகில் உரிகிற இடத்தில் முன்வரிசை முரடர்களெல்லாம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஆம்பிளை அழலாம், வளையல் போடலாம், சாமி சொன்னால்.

நெல்லைப் பக்கம், பணகுடிக்கு அருகே வடலிவிளையில் பொங்கலுக்கு இன்னமும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். இப்போது பெண்களும் இறங்குகிறார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, அதே மாதிரி தொடைக்கு ஏற்றி, ஒரு மூச்சு வாங்கி, தோளுக்கு.