கண்ணையும் காதையும் எங்கே வைப்பது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

டெஸ்ட் ஆட்டத்தை மைதானத்துக்குப் போய்ப் பார்ப்பது, உள்ளூர்க் கலைஞர்களின் இசையைச் சின்ன அரங்கில் நேரில் கேட்பது என்ற இரண்டையும் சேர்த்து இன்று பேச வந்திருக்கிறேன். இரண்டிலும் ரசிகருக்கு ஒரே வேலைதான். தொலைக்காட்சியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கேமரா தீர்மானித்துவிடுகிறது. ஒலிப்பதிவில் எந்த வாத்தியம் முன்னால் வர வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்பதை யாரோ முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறார்கள். நேரில் போகும்போது அந்தத் தேர்வு நம் கைக்கு வருகிறது. அதைச் செய்யத் தெரியாமல் போய் உட்காருகிறவர்களுக்கு மதியத்துக்குள் அலுப்புத் தட்டிவிடும். அதனால் கொஞ்சம் நுணுக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் மைதானம். எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்பதைப் பொறுத்து நாம் பார்க்கும் ஆட்டமே மாறும். பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால், சற்று உயரமான வரிசையில் இருந்தால், பந்து எந்தப் பக்கம் வளைகிறது, தையலில் பட்டு எவ்வளவு விலகுகிறது, சுழற்பந்து காற்றிலேயே எப்படி நகர்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆனால் பந்து எங்கே குத்தியது என்று அங்கிருந்து கணிப்பது கடினம். பிட்சுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் ஸ்விங், அதாவது பந்து காற்றில் வளைவது, கண்ணுக்கே படாது. பந்தின் லெங்த் (பேட்ஸ்மேனுக்கு எவ்வளவு முன்னால் குத்துகிறது என்பது), வேகம், பேட்ஸ்மேன் முன்காலை எவ்வளவு தூரம் எட்டி வைக்கிறார் என்பவை அங்கேதான் தெளிவாகத் தெரியும். வேகப்பந்தைக் கீப்பர் இடுப்பு உயரத்தில் பிடிக்கிறார் என்றால் பிட்சில் உயிர் இருக்கிறது. அவர் குனிந்து காலடியில் எடுக்க ஆரம்பித்து, கீப்பருக்குப் பக்கத்தில் கேட்சுக்காக நிற்கும் ஸ்லிப் வரிசையும் இரண்டடி முன்னே வந்துவிட்டால் பிட்ச் சோர்ந்துவிட்டது. இடம் மாறி உட்கார அனுமதி இருந்தால், புதுப்பந்து வேளையில் நேர் பின்னாலும் மதிய வேளையில் பக்கவாட்டிலும் இருங்கள். தரையோடு தரையான முதல் வரிசையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அங்கே பீல்டர்கள் ஒருவர்மேல் ஒருவராகத் தெரிவார்களே தவிர இடைவெளிகள் தெரியாது.

காது சம்பந்தமான ஒன்று. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே பிட்சிலிருந்து 85 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு மட்டைச் சத்தம் கால் நொடி பிந்தித்தான் வரும். அதற்குள் வேகப்பந்து கீப்பரை நோக்கிப் பாதி தூரம் போயிருக்கும். 'சத்தம் கேட்டது, அவுட்டுதான்' என்று கேலரியில் எழுந்து குதிப்பவர்கள் அடிக்கடி ஏமாறுவது இதனாலும்தான். எட்ஜ், அதாவது மட்டையின் விளிம்பு, பட்டதா என்று அறிய இரண்டாம் ஸ்லிப்பில் நிற்பவரைப் பாருங்கள். அவருக்குப் பந்தின் பாதை மாறியது தெரியும். அவர் அமைதியாக இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். டாஸ் போடுவது அரை மணி நேரம் முன்னால். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, எந்த முனையில் எந்தப் பந்துவீச்சாளர் பயிற்சிக்கு ஓடிப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் நாளிலிருந்து, ஆட்டம் தொடங்குமுன் மட்டை பிடிக்கும் அணியின் கேப்டன் விரும்பினால் பிட்சில் உருளை ஓட்டச் சொல்லலாம். ஏழு நிமிடம்தான் அனுமதி. கனமான உருளையா, இலேசானதா என்பதிலேயே அவர் பிட்சைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும். விரிசல் விட்ட பிட்சில் கனமான உருளையைக் கேட்பதற்குத் தயங்குகிற கேப்டன்கள் உண்டு.

ஆட்டம் சூடுபிடித்தபின் சில பந்துகளை வேண்டுமென்றே பார்க்காமல் விடுங்கள். அந்த நேரத்தில் பீல்டர்களைப் பாருங்கள். கவர் திசையில் நின்றவரை எடுத்து ஸ்லிப்புக்கு அனுப்பினால், அந்தக் காலி இடத்தைக் காட்டி டிரைவ் (முன்னோக்கி அடிக்கும் ஷாட்) ஆட அழைக்கிறார்கள் என்று பொருள். அடுத்த மூன்று நான்கு பந்துகள் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, சற்று முன்னால் குத்தி வரும். பந்தைத் துடைத்து மெருகேற்றும் வேலை ஓர் அணியில் ஓரிருவரிடமே இருக்கும். ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் அது அவர்கள் கை வழியாகத்தான் போகும். சர்வதேச ஆட்டங்களில் எச்சில் தடவுவது 2020இல் தடுக்கப்பட்டு 2022இல் நிரந்தரத் தடையானது. இப்போது வியர்வை மட்டும்தான். புதுப்பந்து சொரசொரப்பான பக்கத்தை நோக்கி வளையும். பழசாகி, ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்தபின், வேகமாக வீசினால் மினுமினுப்பான பக்கத்தை நோக்கித் திரும்பும். அதுதான் ரிவர்ஸ் ஸ்விங். பந்துவீச்சாளர் ஓடி வரும்போது இன்னொரு கையால் பந்தை மூடிக்கொண்டே வந்தால் அது தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். எந்தப் பக்கம் மினுமினுப்பு என்பதைப் பேட்ஸ்மேன் பார்த்துவிடக் கூடாது என்றே மறைக்கிறார்.

மூன்றாம் நாளிலிருந்து காலடித் தடங்களைத் தேடுங்கள். வலக்கை வேகப்பந்து வீச்சாளர்கள் ஓவர் தி விக்கெட் (வீசும் கை ஸ்டம்புப் பக்கம் இருக்கும்படி) வீசிவிட்டு மிதித்துப் போகும் இடம், எதிர் முனையிலிருந்து வரும் பந்துக்கு இடக்கை பேட்ஸ்மேனின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அமைகிறது. ஆஃப் ஸ்பின்னர் அந்தக் குழிகளையே குறிவைப்பார். இருகுழல் கண்ணாடி வைத்திருப்பவர்கள் அதை இதற்குத்தான் பயன்படுத்த வேண்டும். எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கும் கண்ணாடி வேண்டாம். கை நடுக்கத்தில் காட்சி குதிக்கும்.

மதிய உணவுக்குப் பிந்தைய வேளையைப் பற்றித்தான் பலருக்குப் புகார். ஓவருக்கு இரண்டு ரன், விக்கெட் இல்லை, என்ன பார்ப்பது என்று கேட்கிறார்கள். 2001 மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பாலோ ஆன் வாங்கிய, அதாவது முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கி உடனே மறுபடி ஆட வைக்கப்பட்ட, இந்தியாவுக்கு லக்ஷ்மணும் டிராவிடும் நான்காம் நாள் முழுவதும் ஆட்டமிழக்காமல் ஆடினார்கள். அன்று விழுந்த விக்கெட் பூஜ்யம். முந்தின நாளும் மறுநாளும் எடுத்ததையும் சேர்த்து அவர்கள் கூட்டணி 376 ரன். லக்ஷ்மண் 281, டிராவிட் 180. மறுநாள் ஆஸ்திரேலியா 171 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த நான்காம் நாளை முழுக்கப் பார்த்தவருக்கு, களைத்துப்போன பந்துவீச்சாளர்களின் தோள் தளர்வதிலேயே ஐந்தாம் நாள் தெரிந்திருக்கும். 2021 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவின் விஹாரி தொடைத் தசை காயத்தோடு 161 பந்துகளில் 23 ரன், அஸ்வின் முதுகுவலியோடு 128 பந்துகளில் 39 ரன். இருவரும் ஆட்டமிழக்கவில்லை; ஆட்டம் சமன். ஸ்கோர் பலகையில் இது ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். நேரில் இருப்பவருக்கு ஒவ்வொரு தடுப்பாட்டமும் ஒரு நிகழ்ச்சி.

இந்த வேளைக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் மிகுந்த துணை. பேனா வேண்டாம், வெயிலில் வியர்வை பட்டு மை கலையும். ஓவருக்கு ஒரு கட்டம், ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகள் முப்பது நாற்பது தொடர்ந்து வரும்போது யாராவது பொறுமை இழப்பார்கள். அது யார் என்பதை முன்கூட்டியே ஊகிக்கப் பழகுவதுதான் டெஸ்ட் ரசனை. எண்பதாவது ஓவர் முடிந்தால் புதுப்பந்து எடுக்கலாம் என்பதையும் பக்கத்து ஓரத்தில் குறித்து வையுங்கள். எழுபத்தைந்திலிருந்தே இரண்டு அணிகளின் நடையும் மாறும். இணைய வர்ணனையைக் காதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். அது பல நொடி பின்தங்கி வரும், விழுந்த விக்கெட்டை மறுபடி விழ வைக்கும்.

இனி அரங்கம். மின்பெருக்கி வைத்த இசைக்குழு என்றால் முதல் வரிசைக்கு ஓடாதீர்கள். அங்கே டிரம்ஸும் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியும் நேராகக் காதில் அடிக்கும். பாடகரின் குரலோ இரு ஓரத்து ஸ்பீக்கர்களிலிருந்து தலைக்கு மேலே போய்விடும். பாட்டு வரிகள் புரியவில்லை என்று பாடகரைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கே நின்றவர்கள். பின்சுவரை ஒட்டி நின்றால் தாழ்ந்த சுருதிகள் குவிந்து கொழகொழக்கும், மூலையில் இன்னும் மோசம். பால்கனிக்கு அடியில் மேல் சுருதிகள் மங்கும். ஒலிகளைக் கலந்து அளவு சரிசெய்யும் மிக்ஸர் மேசை எங்கே இருக்கிறதோ அதற்கு அருகில் போங்கள். ஒலியைச் சரிசெய்பவர் தன் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் வைப்பார், அதனால் அங்கேதான் இசை ஒழுங்காக இருக்கும். மைக் இல்லாத இசை என்றால் கணக்கு வேறு. அரங்கின் முன் மூன்றில் ஒரு பங்குக்குள் உட்காருங்கள்.

முதல் இரண்டு பாட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒலிச் சோதனை காலி அரங்கில் நடக்கிறது. ஆட்கள் நிறைந்ததும் அவர்களின் உடலும் உடையும் மேல் சுருதிகளை உறிஞ்சுகின்றன. மேசையில் இருப்பவர் எல்லாவற்றையும் மறுபடி திருத்த வேண்டியிருக்கும். கீச்சென்று அலறல் கேட்டால், ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் திரும்பிப் போய்ச் சுற்றுகிறது. பாடகர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது இதற்கு ஒரு பெரிய காரணம். பொத்தினால் முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும்படி செய்த மைக், எல்லாப் பக்கமும் வாங்க ஆரம்பித்துவிடும். பாட்டுகளுக்கு நடுவே கலைஞர்கள் சுருதி சேர்க்க நேரம் எடுத்தால் பொறுத்திருங்கள். மேடை விளக்கின் சூட்டில் கம்பி நீண்டு சுருதி இறங்கும். சேர்க்காமல் ஆரம்பித்தால் முழுப் பாட்டும் உறுத்தும்.

கேட்கும் முறை என்று ஒன்றைச் சொல்வேன். ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு வாத்தியம். பேஸ் கிட்டாரை மட்டும் தொடருங்கள். அவர் கண் டிரம்ஸ்காரரை எப்போது தேடுகிறது என்று பாருங்கள். பாட்டின் திருப்பங்கள் அந்தப் பார்வையில் ஒரு நொடி முன்னதாகவே தெரிந்துவிடும், கேப்டன் பீல்டரை நகர்த்துவது அடுத்த பந்தைச் சொல்வதுபோல. உள்ளூர்க் குழுவின் பெரிய வசதி, அவர்களைத் திரும்பத் திரும்பக் கேட்க முடிவது. ஒரே பாட்டை மூன்று அரங்குகளில் கேட்டவருக்கு எது எழுதி வைத்தது, எது அந்த இரவில் பிறந்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியும். ஐந்து ஆட்டத் தொடரில் ஒரு பந்துவீச்சாளர் ஒரு பேட்ஸ்மேனை எப்படிப் படித்தார் என்பதும் மூன்றாவது ஆட்டத்தில்தான் புலப்படும். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் பதிவு எதையாவது விற்றால் நேராக அவர்களிடமே வாங்குங்கள். பிரதானக் குழுவுக்கு முன்னால் பாடுகிறவர்களுக்கும் போய் உட்காருங்கள்.

காதைக் காப்பாற்றுங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் வரை பாதுகாப்பு என்று கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணிதான். நுரைப் பஞ்சு அடைப்பான் மேல் சுருதிகளை அதிகம் வெட்டிவிடும், இசை போர்வைக்குள் கேட்பதாக ஆகும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்த அடைப்பான்கள் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். நுரையானதே கிடைத்தால் மெல்லிதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பலருக்கு அது பலன் தராததற்குக் காரணம் பாதி மட்டும் நுழைத்துவிட்டு விடுவதுதான். மறுநாள் காலை காதில் ரீங்காரம் இருந்தால் முந்தின இரவு அளவு மீறிவிட்டது.

பகலில் டெஸ்ட், இரவில் இசை என்று ஒரே நாளில் வைத்துக்கொள்கிறவர்களுக்கு நேரக் கணக்கு முக்கியம். ஆறு மணி நேர ஆட்டம், 40 நிமிட உணவு இடைவேளை, 20 நிமிடத் தேநீர் என்றால் ஏழு மணி நேரம். தொண்ணூறு ஓவர் முடியாவிட்டால் இன்னும் அரை மணி. கடைசி நாளைத் தவிர மற்ற நாட்களில், முடிவு நெருங்கினால் கேப்டன் கேட்டு அதற்கு மேலும் அரை மணி நீளலாம். ஆகவே அறிவித்த முடிவு நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கும் நிகழ்ச்சிக்கே டிக்கெட் எடுங்கள். இடையில் நிழலில் உட்கார்ந்து நிறையத் தண்ணீர் குடியுங்கள். நோட்டுப் புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு, அடைப்பானைச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டால் போதும். வணக்கம்.