சாலையோரச் சிலுவைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

2005 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக் கிராஃபோர்டு என்ற சிற்றூர். ஊருக்கு வெளியே சாலையோரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளைச் சிலுவைகள். அவற்றில் ஈராக் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர்கள். 15-ஆம் தேதி இரவு ஒருவர் தன் வண்டியின் பின்னால் இரும்புக் குழாயும் சங்கிலியும் கட்டி, அந்த வரிசையின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். நூற்றுக்கணக்கான சிலுவைகள் சாய்ந்தன. போலீஸ் அவரைக் கைது செய்தது.

அந்தச் சிலுவைகளுக்குப் பக்கத்தில் முகாம் போட்டு உட்கார்ந்திருந்தவர் சிண்டி ஷீஹன் என்ற தாய். மகன் கேசி, ராணுவத்தில் மெக்கானிக். 2004 ஏப்ரல் 4 அன்று பாக்தாதின் சதர் சிட்டியில் கொல்லப்பட்டபோது வயது 24. வீரர்கள் உன்னதமான நோக்கத்துக்காக உயிர்நீத்தார்கள் என்று அதிபர் புஷ் பேசியதைக் கேட்ட தாய், அது என்ன நோக்கம் என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும் எனப் புறப்பட்டு வந்தார். புஷ் அப்போது அந்த ஊரில் தன் பண்ணையில் விடுமுறையில் இருந்தார். இரண்டு அதிகாரிகள் வந்து பேசினார்கள். புஷ் வரவில்லை.

வந்தது வசைதான். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள் தவறாமல் வந்தது. மகன் சாவை வைத்து அரசியல் செய்கிறாள் என்றார்கள். கேசி உயிரோடிருந்தால் இதை ஒப்புக்கொள்ளமாட்டான் என்று, அவனை ஒரு நாளும் பார்த்திராதவர்கள் சொன்னார்கள். கணவர் விவாகரத்து கோரியது செய்தியாயிற்று. 2004 ஜூனில் இதே புஷ்ஷைச் சந்தித்தபோது நல்லவிதமாகத்தானே பேசினாள், இப்போது ஏன் மாற்றிப் பேசுகிறாள் என்று பழைய செய்தித்தாளைத் தேடியெடுத்துக் காட்டினார்கள்.

இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜூன் மாதம் என்றால் பிள்ளையைப் பறிகொடுத்து இரண்டு மாதம். அந்த அக்டோபரில்தான் ஈராக்கில் ஆயுதங்களைத் தேடிய ஆய்வுக்குழுவின் அறிக்கை வந்தது. போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கின் கையிருப்பில் இல்லை என்றது. அதைப் படித்த பிறகும் ஒரு தாய் பழைய பேச்சையே பேச வேண்டுமா?

ஷீஹன் பேசிய எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. அவர் கருத்தை மறுப்பதில் தவறே இல்லை. அதே முகாமுக்கு ஒரு தகப்பனார் வந்தார். அவர் மகனும் ஈராக்கில் இறந்தவன். ஆனால் அவர் போரை ஆதரித்தவர். என் பிள்ளை பெயர் இந்த வரிசையில் வேண்டாம் என்று அந்தச் சிலுவையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு முறை அல்ல, பல முறை. அவர் செய்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் பிள்ளையின் பெயரைத்தான் எடுத்தார், அடுத்தவர் பிள்ளையின் பெயரைத் தொடவில்லை. வண்டி ஏற்றியவரோ யார் பெற்ற பிள்ளை என்று பார்க்கவே இல்லை.

ஓரிடத்தில் வாய் திறந்தது குற்றமாயிற்று. இன்னோரிடத்தில் வாய் திறக்காததே குற்றமாயிற்று. 2016 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில் கிஸ்ர் கான் பேசினார். அவர் மகன் கேப்டன் ஹுமாயுன் கான் 2004-இல் ஈராக்கில் இறந்தவர். பக்கத்தில் மனைவி கஸாலா பேசாமல் நின்றார். பேச அவருக்கு அனுமதியில்லையோ என்று கேட்டார் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் டிரம்ப்.

பின்னால் திரையில் மகனின் பெரிய படம் இருந்தது. அதைப் பார்த்த பிறகு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது என்று கஸாலா பின்னர் எழுதினார். மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும், அவன் படம் மாட்டிய அறைக்குள் அவரால் நுழைய முடியவில்லை. அவன் பொருட்கள் இருந்த அலமாரியைச் சுத்தம் செய்யக்கூட, மருமகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது.