கேலிபரேட் செஞ்ச படம்: 16 பிட்டா, 32 பிட்டா?

[திரையில்: சிரில் மென்பொருளின் செட்டிங்ஸ், 16 / 32 பிட் தேர்வு]

வணக்கமுங்க. தை பொறந்து வானம் தெளிஞ்சதும் காங்கேயம் பக்கம் டிரைபாடைத் தூக்கிட்டுப் போயி ஓரியன் நெபுலா எடுக்கறவங்க கேக்கறது இதுதான்: "ஏனுங்ணா, டார்க் கழிச்சு ஃப்ளாட்டும் போட்டாச்சு. 16 பிட்டுல சேவ் பண்றதா, 32லயா?" டார்க்குன்னா மூடி போட்டு எடுத்த இருட்டுப் படம், ஃப்ளாட்டுன்னா சீரான வெளிச்சத்துல எடுத்த படம்; இதுகளை வெச்சுக் கேமரா, லென்ஸ் கோளாறைச் சரி பண்றதுதான் கேலிபரேட்.

கேமரா தர்றதே 14 பிட்டு, 16,384 படி. 16 பிட்டுல 65,536 படி இருக்கே, அப்புறம் எதுக்கு 32? ஞாயந்தானுங்க. ஆனா கழிக்கற எடத்துலதான் சிக்கல்.

[திரையில்: பக்கத்துப் பக்கத்து பிக்சல் இரண்டு, பெரிதாக]

ஒரு பிக்சல் 2052, இன்னொண்ணு 2061. மாஸ்டர் டார்க் பல ஃப்ரேமோட சராசரிங்கறதால ரெண்டு எடத்துலயும் 2056.4. கழிச்சா மைனஸ் 4.4, அப்புறம் 4.6. ரெண்டுக்கும் சராசரி 0.1, அதாவது வெறும் இருட்டு. 16 பிட் ஃபைலுக்கு மைனஸும் தெரியாது, புள்ளியும் தெரியாது. முதல்ல இருக்கறதை 0ன்னு வெட்டி, அடுத்ததை 5 ஆக்கிரும். சராசரி 2.5! இல்லாத வெளிச்சம் வந்து உக்காந்துக்குது. நெபுலாவோட மங்கலான ஓரமெல்லாம் இந்த அளவுலதானுங்க கிடக்கும். 32 பிட் ஃப்ளோட்ல ரெண்டு எண்ணும் அப்படியே நிக்கும்.

காந்திபுரத்து மொட்டைமாடியில எடுத்தீங்கன்னா கதை வேற. ஊர் வெளிச்சத்துல வானமே டார்க்கை விட ரொம்ப மேல நிக்கும்; கழிச்சாலும் மைனஸுக்குப் போகாது. வானத்தோட நாய்ஸும் (பிக்சலுக்குப் பிக்சல் தாறுமாறா வர்ற ஏத்த எறக்கம்) ஒரு படியை விடப் பல மடங்கு பெருசு, அதனால ரவுண்டு பண்றதுல ஒண்ணும் தொலையாது. அங்க தனித்தனி ஃப்ரேமுக்கு 16 போதுமுங்க. 24 மெகாபிக்சல் ஃப்ரேம் 16ல 48 எம்பி, 32ல 96. டிபேயர் பண்ணினா, அதாவது சிவப்பு, பச்சை, நீலம்னு கலர் படமா மாத்தினா, ரெண்டுமே மூணு மடங்கு. 200 ஃப்ரேமுக்குப் பெருக்கிப் பாருங்க, டிஸ்க்கு என்ன பாடுபடும்னு தெரியும்.

இருட்டு வானம், நேரோபேண்ட் ஃபில்டர் (ஒரு குறிப்பிட்ட நெற வெளிச்சத்தை மட்டும் விடறது), சின்ன எக்ஸ்போஷர்னா 32 வெச்சுக்கோங்க. பிக்ஸ்இன்சைட் மென்பொருள்ல அவுட்புட் பெடஸ்டல்னு ஒரு எண்ணைக் கூட்டிவிட்டு 16லயும் சமாளிக்கலாம், மைனஸ் வராது.

[திரையில்: ஸ்டாக் செய்த படம், ஸ்ட்ரெட்ச் செய்ததும் தெரியும் பட்டைகள்]

ஸ்டாக் முடிச்ச, அதாவது ஃப்ரேமையெல்லாம் அடுக்கி ஒண்ணாக்கின ஃபைல்ல மட்டும் பேரமே இல்லீங்க, 32 பிட் ஃப்ளோட்தான். 100 ஃப்ரேம் அடுக்கினா நாய்ஸ் பத்துல ஒரு பங்காயிரும். அதை 16ல அடைச்சா ஒரு படி அந்த நாய்ஸை விடப் பெருசாகிப்போகலாம். ஸ்ட்ரெட்ச் பண்றப்ப, அதாவது மங்கலானதைப் பளிச்சுன்னு தூக்கிக் காட்டறப்ப, இப்படிப் பட்டை பட்டையா வந்துரும். ஸ்ட்ரெட்ச் முடிஞ்சப்புறம் 16 பிட் டிஃப்ல வெச்சுக்கலாம். வாட்ஸ்அப்புல அனுப்ப 8 பிட் ஜேபெக் தாராளமுங்க.