தடம் மாறிய கை

விழாத் தலைவர் ஐயா அவர்களே, பஞ்சாயத்துத் தலைவர் அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் அரங்கைத் திறந்து தந்த நூலகர் அவர்களே, தக்கலையிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் தமிழாசிரியர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'அன்லேர்ன்' என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பொருள், பிறப்பு, தமிழில் அதற்கு நேர்ச்சொல் என மூன்றாக வைத்துக்கொள்கிறேன்.

கற்றதை மனத்திலிருந்து இறக்கிவைப்பது, அதுதான் பொருள். கம்பெனிக்காரர்கள் நேற்று உண்டாக்கிய சொல் இல்லை. 15ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது. 'அன்ஹாப்பி'யில் வருகிற 'அன்' இல்லாமையைச் சொல்லும். 'அன்லாக்'கில் வருவது வேறு 'அன்', பூட்டியதைத் திறப்பது. நம் சொல்லில் இருப்பது இந்த இரண்டாவது. 'லேர்ன்' என்பதன் பழைய வேருக்குத் தடம், உழவுசால் என்று பொருள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, ஒருமுறை விழுந்த சால் அப்படித்தான்.

என் அப்பா கல்குளம் தாலுகாவில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த குமரி 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆபீஸில் இனித் தமிழில் எழுத வேண்டும். பேச்சு தமிழ்தான், கைதான் மலையாளம். ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கடியில் என் அக்காவின் சிலேட்டை வாங்கி 'அ'னா எழுதுவாராம். பாதி சுழிக்கும்போதே கை பழைய வழிக்குப் போய்விடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டிப் பார்த்து, "அப்பா, இது மலையாளம்லா!" என்று எச்சில் தொட்டு அழிப்பாள். மறுபடி எழுதுவார், மறுபடி அழிப்பாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அம்மா சிரிப்பாளாம். ஒரு வருஷத்தில் அப்பாவின் தமிழ் எழுத்து அச்சு மாதிரி ஆயிற்று.

ஆனால் மலையாளத்தை அவர் மறக்கவில்லை. ஊரார் பழைய பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். கிழக்கே குளம், தெற்கே மறுகால் என்று எல்லை வாசிப்பார். இப்போது அந்தக் கிழக்கில் குளம் இல்லை, மண் அடித்த மனை இருக்கிறது.

சரி, நேர்ச்சொல்லை இன்னொரு நாள் பார்ப்போம். குளம் என்றால் சும்மா கிடக்கிற இடம் என்று நாம் படித்துவைத்திருக்கிறோமே, முதலில் அதை இறக்கிவைக்க வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்தான், ஆனால் குளத்தை மூடுவது தொட்டில் பழக்கம் இல்லை. நம் தாத்தாமார் கோடையில் தூர் வாரி, வண்டலை வயலில் போட்டவர்கள்.

வாசலில் மேஜைமேல் மனு இருக்கிறது, மீதமுள்ள நம் குளங்களை அளந்து எல்லைக்கல் நடச் சொல்லி. தலைவர் ஐயா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவும் அங்கேயே இருக்கிறது.