வெளியுலகை மறுத்தவர்களின் தர்க்கம்

நேயர்களுக்கு வணக்கம். 'இருப்பது அறிவு மட்டுமே, வெளியே பொருள் என்று எதுவும் இல்லை' என்று ஒருவர் சொன்னால், அவரோடு தர்க்கம் பேசி என்ன பயன் என்றுதான் நமக்குத் தோன்றும். ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் பௌத்தத் தர்க்கத்தைக் கறாராக ஒழுங்குபடுத்தியவர்கள் இந்தக் கட்சிக்காரர்கள்தான், விஞ்ஞானவாதிகள். இங்கே விஞ்ஞானம் என்றால் அறிவு, சயின்ஸ் அல்ல. அவர்களில் திக்நாகர், காஞ்சிபுரத்துக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது.

அவருக்கு முன்னால் வசுபந்து. விம்சதிகா என்று சுமார் இருபது பாட்டில் ஒரு நூல். எடுத்த எடுப்பிலேயே எதிராளியின் கேள்விகளை அவரே அடுக்குகிறார். வெளியே பொருள் இல்லையென்றால், அது ஏன் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் தெரிகிறது? ஏன் எல்லாருக்கும் தெரிகிறது? நனவில் சாப்பிட்டால் மட்டும் ஏன் பசி தீர்கிறது? பதில்: கனவில் வரும் தோட்டமும் ஓர் இடத்தில், ஒரு நேரத்தில்தான் தெரிகிறது. பசித்த பிரேதங்கள், அதாவது பசியால் அலையும் ஆவிகள், எல்லாம் சேர்ந்து ஒரே ஆற்றைச் சீழாகக் காண்கின்றன. கனவாலும் உடம்பில் காரியம் நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறார். வயதுப் பையன்களுக்குத் தெரிந்த உதாரணம்தான், வானொலியில் வேண்டாம்.

இந்தப் பதில்கள் வெளிப்பொருள் இல்லை என்று நிரூபிக்கவில்லை. 'இருந்தே தீர வேண்டும்' என்ற வாதம் செல்லாது, அவ்வளவுதான். நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான்.

அடுத்த அடியை வசுபந்துவே தொடங்குகிறார். அதை எட்டே பாட்டில் இறுக்கியவர் திக்நாகர். நூல், ஆலம்பன பரீட்சை. ஒரு குடத்தைப் பார்க்கிறீர்கள். அந்தக் காட்சிக்குரிய பொருள் என்று எதைச் சொன்னாலும் அது இரண்டு சோதனையில் தேற வேண்டும். காட்சியை அது உண்டாக்க வேண்டும். காட்சியில் தெரியும் வடிவம் அதற்கு இருக்க வேண்டும். அணுக்கள்தான் பொருள் என்பீர்களா? உண்டாக்கட்டும், ஆனால் கண்ணில் தெரிவது அணு அல்லவே. சரி, அணுக்களின் திரள்? வடிவம் பொருந்துகிறது, ஆனால் திரள் தனியாக ஒரு வஸ்து அல்ல, கண்கோளாறு உள்ளவருக்குத் தெரியும் இரண்டாம் நிலா மாதிரி. அது எதையும் உண்டாக்காது. இன்னொரு முறை சொல்கிறேன்: அணு முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் விழுகிறது, திரள் இரண்டாவதில் தேறி முதலாவதில் விழுகிறது. இரண்டிலும் தேறுவது அறிவுக்குள்ளேயே இருக்கும் வடிவம்தான் என்கிறார். எனக்கு அந்த இரண்டாம் சோதனையில் சந்தேகம் உண்டு. காரணமும் காட்சியும் ஒரே சாயலில் இருந்தாக வேண்டுமா என்ன?

'இதோ பார்' என்று உலகத்தைச் சுட்டிக்காட்டி ஜெயிக்க முடியாதவருக்கு வாதத்தைத் தவிர வேறு துணை இல்லை. அதனால்தான் இவர்கள் பிழைகளைச் சல்லடை போட்டுத் தேடினார்கள் என்பது என் கட்சி. மணிமேகலையின் 29ஆம் காதையைப் பாருங்கள், பலரும் தாண்டிப் போகும் காதை. அறவண அடிகள் காஞ்சியில் சொல்லித் தருவது இந்த மரபின் தர்க்கம்தான். மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால், இது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல, இது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. பிறகு போலிகள், அதாவது இவற்றில் வரும் பிழைகள்: பக்கத்தில் 9, ஏதுவில் 14, திட்டாந்தத்தில் 10. மலை வெளியே இருந்தால்தான் இந்த வாதம் செல்லும் என்பதில்லை. நெருப்பில்லாத இடத்தில் புகை தோன்றக் கூடாது, அது போதும்.

நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. திக்நாகரின் வழியில் பின்னால் வந்த தர்மகீர்த்தியைச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். எல்லாம் அறிவு என்றால் வாதிடுவது யாரோடு? அவர் பதில்: அடுத்தவருக்கு மனம் உண்டு என்பதை வெளியுலகவாதியும் பேச்சு, நடத்தையை வைத்து ஊகிக்கத்தான் செய்கிறார், நானும் அப்படியே ஊகிக்கிறேன். 11ஆம் நூற்றாண்டில் அதே கட்சியைச் சேர்ந்த ரத்னகீர்த்தி, இந்த ஊகமும் செல்லாது என்று தனி நூலே எழுதினார். அந்தச் சண்டைக்குள் போக இன்று நேரமில்லை. வணக்கம்.