பின் சில்லு சூடாகிறது, ஹேண்ட் பிரேக்கும் நிற்கவில்லை: மொரிஸ் மைனர் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். வீட்டில் பழைய மொரிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருக்கிறதாம். நுவரெலியாவிலிருந்து நானுஓயா வழியாக இறங்கி வந்தால், பின்பக்கம் இடது சில்லு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, கருகிய வாடை வருகிறது. அதே வண்டியை லயத்துக்குப் போகும் மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டால் பின்னால் உருள்கிறது. "புது லைனர் போட்டாயிற்று, கேபிளையும் இறுக்கியாயிற்று, இனி என்ன செய்வது அண்ணே?" என்று கேட்கிறார்.

தம்பி, பிரேக் விட வேண்டிய நேரத்தில் விடவில்லை, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை. பார்த்தால் இரண்டு கோளாறு மாதிரி இருக்கும். மைனரில் பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், வீல் சிலிண்டர், அதாவது பிரேக் ஒயில் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் சின்ன உருளை, பேக் பிளேட்டில், அதாவது அதைத் தாங்கும் சுற்றாத தகட்டில், இறுகிப் போயிருக்கும்.

மைனரின் பின் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன்தான் உண்டு. அது ஒரு ஷூவை, அதாவது லைனர் ஒட்டிய வளைந்த பிரேக் கட்டையை, சில்லோடு சுற்றும் ட்ரம்மின் உள்சுவரில் உரசும்படி தள்ளும். மற்ற ஷூவை யார் தள்ளுவது? சிலிண்டரே தள்ள வேண்டும். அதற்காகத்தான் அதை இறுக்கிப் பூட்டாமல், பேக் பிளேட்டில் நீளமான துளை போட்டு நகரும்படி வைத்திருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக்கின் சின்ன லீவரும் அந்தச் சிலிண்டரில்தான் இருக்கிறது. நம்ம ஊர் மழை, பனி, சேறு எல்லாம் லைனர் தூளோடு சேர்ந்து அந்தத் துளையில் கட்டிப் போனால் சிலிண்டர் நகராது. ஒரு ஷூ மட்டும் வேலை செய்யும், அதுவும் முழுசாகத் திரும்பி வராது, இறக்கம் முழுக்க உரசிக்கொண்டே வரும். மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டால் பாதிப் பிடிதான் கிடைக்கும். இந்த நிலையில் எவ்வளவு புது லைனர் போட்டாலும் காசுதான் வீண். கேபிளை இறுக்கியது இன்னும் கெடுதல், ஷூ ஓய்வாக இருக்க வேண்டிய நேரத்திலும் அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும்.

ஆனாலும் நான் சொன்னேன் என்று நேரே சிலிண்டரை வாங்க ஓடாதீர்கள். முதலில் சோதித்துப் பாருங்கள். சமமான தரையில் முன் சில்லு இரண்டுக்கும் கட்டை வையுங்கள், பின்பக்கத்தை ஜெக் அடித்துத் தூக்கி எக்சலுக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகவே கூடாது. கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக் கேபிளையும் நன்றாகத் தளர்த்திவிட்டு, சில்லைக் கையால் சுற்றுங்கள். இரண்டு பக்கமும் இறுக்கமா, இடது மட்டுமா?

இறுக்கமாக இருந்தால் அந்தச் சில்லின் எயார் எடுக்கிற நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து பாருங்கள். கொஞ்சம் பிரேக் ஒயில் பீய்ச்சி, உடனே சில்லு லேசாகச் சுற்றினால் ஒயில் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். வண்டி உடம்பிலிருந்து எக்சலுக்கு வரும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப் போயிருக்கலாம், வெளியே பார்த்தால் நல்லாத்தான் இருக்கும். இல்லாவிட்டால் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு, பெடலில் கொஞ்சம் லூஸ் இல்லாமல் இறுக்கி வைத்திருந்தாலும் இப்படித்தான் ஆகும். ஹோஸ் என்றால் வழக்கமாக இரண்டு பின் சில்லும் பிடிக்கும், மாஸ்டர் சிலிண்டர் என்றால் நாலு சில்லும் பிடிக்கும். நிப்பிளைத் திறந்தும் சில்லு விடவில்லை என்றால் கோளாறு ட்ரம்முக்குள்ளே, அல்லது துருப்பிடித்த கேபிளில். உங்களுக்கு இடது மட்டும் சூடாவதால் என் சந்தேகம் இந்தப் பக்கம்தான்.

ட்ரம்மைக் கழற்றும்போது அதிலுள்ள துளை வழியாக, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரை முதலில் தளர்த்திக்கொள்ளுங்கள். ட்ரம் ஓரத்தில் தேயாத விளிம்பு ஷூவில் மாட்டும், சுத்தியலால் ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும். உள்ளே இருக்கும் தூளை வாயாலும் ஊதாதீர்கள், கொம்ப்ரசராலும் அடிக்காதீர்கள். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். இதை நான் மன்றாடிக் கேட்கிறேன், பக்கத்தில் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது ஷூ இரண்டையும் பாருங்கள். ஒன்று பளபளவென்று தேய்ந்து, மற்றது புதுசு போல இருந்தால் சிலிண்டர் நகரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஈரமாக இருந்தால் என்ன ஈரம் என்று பாருங்கள். விரலில் தொட்டு ஒரு கிண்ணம் தண்ணீரில் விடுங்கள். கரைந்து போனால் பிரேக் ஒயில், சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. கரையாமல் மிதந்து, கந்தக வாடை அடித்தால் அது எக்சல் ஒயில், ஹப் சீல் மாற்ற வேண்டும். ஒயில் குடித்த லைனரைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டித் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். சூடானதும் உள்ளே ஊறிய ஒயில் மறுபடியும் கசியும்.

கழற்றுமுன் ஸ்ப்ரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் உள்சுவரில் துருக் குழி இருந்தால் ரப்பர் மாற்றிப் பயனில்லை, புதுசு போடுங்கள். பேக் பிளேட் துளையின் ஓரத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பிசிறு இருந்தால் அரத்தால் லேசாக எடுத்து, சூட்டைத் தாங்கும் பிரேக் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். ஷூ உரசும் மேடுகளிலும் ஒரு பூச்சு போதும். சாதாரண கிரீஸ் உருகி லைனரில் வழியும். பூட்டியபின் சிலிண்டரைக் கட்டை விரலால் தள்ளிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் போய் வர வேண்டும். அது நகராவிட்டால் மேற்கொண்டு பூட்ட வேண்டாம். ரப்பருக்குப் புது பிரேக் ஒயில் மட்டும்தான், மண்ணெண்ணெய் பட்டால் ஊதிவிடும். வலது பக்கத்துக்கும் இதே வேலையைச் செய்யுங்கள், ஒரு பக்கம் மட்டும் செய்தால் ஈரத்தில் வண்டி இழுக்கும். ஷூ வாங்கும்போது பின்பக்கம் 7 அங்குலம் என்று சொல்லிக் கேளுங்கள். 1962 முதல் வந்த 1098 சிசி வண்டிகளில் முன்பக்கம் 8 அங்குலம், கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அட்ஜஸ்டரை சில்லு நிற்கும்வரை திருப்பி, பெடலை ஒருமுறை அழுத்திவிட்டு, சில்லு சுதந்திரமாகச் சுற்றும் இடத்துக்கு ஒரு கிளிக் திரும்பி வாருங்கள். கேபிளைத் தொடுவது அதற்கு அப்புறம்தான்.

எயார் எடுக்கும்போது தூரத்துச் சில்லிலிருந்து தொடங்குங்கள், நம்ம வண்டியில் அது பின் இடது. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், விரிப்புக்குக் கீழே இருப்பதால் மூடியைத் திறக்குமுன் மண்ணைத் துடையுங்கள். ஒயிலையும் முழுசாக மாற்றுங்கள். டொட் 4 தர பிரேக் ஒயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் 155 வரை இறங்கிவிடும். ரதல்ல மாதிரி இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்த ஒயில் கொதித்து, பெடல் தரையைத் தொடும். மைனரில் நாலு சில்லுக்கும் ஒரே லைன்தான், போனால் எல்லாம் போகும். அதனால் இறக்கத்தில் இரண்டாம் கியர், தேவையென்றால் முதலாம் கியர். பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர் அடிக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் டவுன் பக்கம் மெதுவாக ஓட்டி, சின்னச் சின்னதாக பிரேக் பிடித்து லைனரைப் பழக்குங்கள். நிறுத்தி இரண்டு பின் ட்ரம்மின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இடது இன்னும் கூடுதல் சூடாக இருந்தால் அந்தப் பக்கக் கேபிளைக் கழற்றி உறைக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால், திறந்த ட்ரம்மையும் இரண்டு ஷூவையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.